சாதுவா இருக்குன்னு சொல்லாதீங்க

"ரொம்ப சாதுங்கண்ணா. கையில வெச்சா அசையவே மாட்டேங்குது."

திருப்பூர்ல கடந்த சில வருஷமா நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். சொல்றவங்க பொய்யர்கள் இல்லை. நல்ல பசங்க. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கிற தம்பி, பிரிண்டிங் யூனிட் வெச்சிருக்கிறவரோட மகன், காலேஜ் படிக்கிற பாப்பா. எல்லாரும் ஆசை ஆசையா ஒரு லெபர்ட் கெக்கோ வாங்கி வெச்சிருக்காங்க. மஞ்சள் உடம்புல கறுப்புப் புள்ளி, தடிச்ச வால், எந்நேரமும் சிரிக்கிற மாதிரி வாய். நான் இந்தப் பிராணிகளைப் பத்திப் படிக்கிறவன்னு தெரிஞ்சதால போட்டோ அனுப்பறாங்க, சில பேர் பெட்டியோட வீட்டுக்கே வர்றாங்க. கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "நல்லா இருக்குங்களா?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதிலையும் அவங்களே சொல்லிடறாங்க: "சாதுவா இருக்கு."

அந்தச் சொல்லோடதான் எனக்குச் சண்டை.

புதுசா ஒரு கெக்கோ வந்த வீட்டுல நடக்கறதைக் கவனிச்சா, எல்லாத்தையும் தலைகீழாப் படிக்கிறோம்னு தெரியும். பகல் பூரா ஓட்டுக்கடியில ஒளிஞ்சு கிடந்தா "டல்லா இருக்கு, உடம்பு சரியில்லையோ" என்று வெளியே இழுத்துப் போடுகிறோம். அது அந்தியிலும் இரவிலும் நடமாடும் பிராணி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல்லாங்காடுகளில் பகலைப் பொந்துக்குள்ளயே கழிக்கும். ஒளிஞ்சிருக்கறதுதான் அதோட நல்ல நிலை. வெளிச்சத்துல, உள்ளங்கையில அசையாம உக்கார்ந்திருந்தா "பழகிடுச்சு" என்கிறோம். ஓட முடியாதுன்னு தெரிஞ்ச இரை விலங்கு உறைந்துபோகும்; அந்த உறைவைப் பழக்கம்னு பேர் வெச்சாச்சு. கண்ணாடியைப் பிறாண்டிக்கிட்டே இருந்தா "எக்ஸர்சைஸ் பண்ணுது". வாலைத் தூக்கி மெதுவா நெளிச்சா "நாய் மாதிரி வால் ஆட்டுது". மெதுவான அந்த வாலாட்டம் பெரும்பாலும் 'கிட்ட வராதே' என்கிற எச்சரிக்கை. நாக்கை நீட்டி விரலைத் தொட்டா "முத்தம் குடுக்குது". அது வாசனை பார்க்குது, அவ்வளவுதான். தடவும்போது கண்ணை மூடினா "சுகமா இருக்கு போல". நம்ம வீட்டுச் சுவத்துப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்காலதான் கண்ணைத் துடைச்சுக்கும். லெபர்ட் கெக்கோவுக்கு மூடித் திறக்கிற இமை உண்டு. பிடிக்காத விஷயம் நடக்கும்போது மூடிக்கொள்ளவும் அதைத்தான் பயன்படுத்துது. அப்புறம் அந்தச் சிரிப்பு. வாயோட எலும்பு அமைப்பு அப்படி. உயிர் போற நேரத்துலயும் அதே சிரிப்புதான் இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. உலகத்துலயே பல்லியை இவ்வளவு உத்துக் கவனிச்ச சமூகம் வேற இருக்குமான்னு தெரியலை. சங்கப் பாட்டுகள்லயே பல்லி சொல்லுது, தலைவி காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கறா. இன்னிக்கும் கொங்கு நாட்டுல பேச்சுக்கு நடுவுல கவுளி சொன்னா விரலால தட்டிட்டு "பாருங்க, நிஜம்" என்பாங்க. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் தொட வரிசையில நிக்கிறோம். பஞ்சாங்கத்தைத் திறந்தா தலையில விழுந்தா என்ன, தோள்ல விழுந்தா என்ன, வலதுக்கு என்ன, இடதுக்கு என்னன்னு பக்கம் பக்கமா பலன். எல்லாமே நமக்கான பலன். விழுந்த பல்லிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி கிடையாது. கூரையில இருந்து ஒரு பல்லி கை தவறி விழுதுன்னா அதுக்குக் காரணம் இருக்கணுமே? யாரும் கேக்கலை. ரெண்டாயிரம் வருஷமா பல்லியைப் பார்த்து நம்மைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டோம். இப்ப செல்போனைப் பிடிச்சுக்கிட்டு "என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்கிறதும் அதே பல்லி சாஸ்திரத்தோட இன்ஸ்டாகிராம் பதிப்புதான்.

ஆனா விலங்கைப் படிக்கத் தெரியாத ஊர் இல்லை இது. என் அப்புச்சி பழையகோட்டைச் சந்தையில காங்கேயம் மாடு பிடிச்சவர். மாட்டோட முகத்தைப் பார்த்து "சாதுவா இருக்கு"ன்னு அவர் ஒருநாளும் விலை பேசினதில்லை. பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார். மூக்கு ஈரமா இருக்கான்னு பார்ப்பார். அசை போடுதான்னு கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பார்ப்பார், மாட்டுக்குத் தெரியாத மாதிரி. போட்ட சாணி எப்படி இருக்குன்னு குனிஞ்சு பார்ப்பார். நடக்கவிட்டுப் பின்னாடியே போவார். அதுக்கப்புறம்தான் துண்டுக்குள்ள விரல் போகும். சுழி பார்க்கிற மூடநம்பிக்கையும் அவருக்கு இருந்துச்சு, மறைக்கலை. ஆனா சுழி நல்லா இருக்குன்னு கழிச்சல் எடுக்கிற மாட்டை அவர் வாங்கினது கிடையாது. அந்த அறிவு தோட்டத்துல இருந்து கம்பெனிக்கு வர்ற வழியில எங்கயோ விழுந்துடுச்சு. பேரன்கள் கிட்ட மிஞ்சினது சுழி மட்டும்தான். அதுக்கு இப்ப 'மார்ஃப்'னு பேரு.

நான் பனியன் கம்பெனியில க்யூசி. ஒரு துணியைச் சந்தேகப்படறது என் தொழில். ஜிஎஸ்எம் கட்டர்ல வட்டமா ஒரு துண்டு வெட்டி, 0.01 கிராம் வரைக்கும் காட்டுற தராசுல வெச்சுப் பார்ப்போம். 180 ஜிஎஸ்எம் கேட்ட இடத்துல 165 வந்தா நிட்டிங்காரருக்குப் போன் போகும், லாட் நிக்கும். இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு ஜிஎஸ்எம் தராசு இருக்கு. அதே ஊர்ல 50 கிராம் இருந்த கெக்கோ 45 கிராமுக்கு இறங்கறது யாருக்கும் தெரியறதில்லை. பத்து சதவீதம்! ஒரு பிராணியோட உடம்புல பத்துல ஒரு பங்கு காணாம போயிருக்கு. வீட்டுல "சாதுவாத்தான் இருக்கு" என்கிறாங்க.

என் கட்சி இதுதான்: ஒரு கெக்கோ நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு பார்வையில சொல்லவே முடியாது. நோயை மறைக்கிறது இரை விலங்கோட பிழைப்பு. பலவீனம் தெரிஞ்சா காட்டுல அதைத் தின்ன ஆள் இருக்கு. அதனால வெளியே தெரியற அளவுக்கு வந்துடுச்சுன்னா உள்ளே ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பார்க்க வேண்டியது முகத்தையோ குணத்தையோ இல்லை, வாரக்கணக்கில் எழுதி வெச்ச எடையை, எச்சத்தை, உரிச்ச தோலை.

வந்த முதல் ரெண்டு வாரம் சாப்பிடாம இருக்கறது, வளர்ந்த கெக்கோவுக்குப் பெரிய அதிசயம் இல்லை. புது இடம், புது வாசனை. வால்ல கொழுப்பைச் சேமிச்சு வெச்சிருக்கு, அதை வெச்சுச் சமாளிக்கும். எடை நிக்குதுன்னா விட்டுடுங்க. தண்ணி மாத்தறதுக்கு மட்டும் கையை உள்ள விடுங்க. குட்டியா இருந்தா இவ்வளவு பொறுமை கூடாது, அதுக்குச் சேமிப்பு கம்மி. சாப்பிடலைன்னு பயந்து தினமும் தூக்கி வாய்கிட்ட புழுவை நீட்டறதுதான் பல வீடுகள்ல பட்டினியை நீட்டிக்குது.

எச்சம் பழுப்பா உருண்டையா, பக்கத்துல வெள்ளையா ஒரு கட்டியோட இருக்கணும். அந்த வெள்ளைதான் அதோட சிறுநீர். தண்ணியாப் போகுது, நாறுது, தின்ன பூச்சி அப்படியே வருதுன்னா அதை ஒரு டப்பாவுல எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகணும். மைக்ரோஸ்கோப்ல ஒட்டுண்ணி தெரியும். நம்ம மாவட்டத்துலயே உடுமலைப்பேட்டையில கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கு, நாமக்கல்லுலயும் இருக்கு. 'பல்லிக்கெல்லாம் டாக்டரா'ன்னு கூச்சப்படாதீங்க. வால் கழுத்தளவு தடிமனா இருந்தது குச்சியா மாறிக்கிட்டே வந்தா அவசரம். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி இருக்கு. குடல்ல உக்கார்ந்து தின்னதை உடம்புல ஒட்ட விடாது, நம்பகமான மருந்து இல்லை, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பரவும். அதனாலதான் புதுசா வந்ததைப் பழசோட சேர்க்கக் கூடாது. "துணைக்கு இன்னொண்ணு" என்கிற இரக்கத்துல ரெண்டும் போன வீடு எனக்குத் தெரியும். துணை வேணும்னு கெக்கோ கேக்கலை. அது தனியா வாழற ஜீவன்.

நடக்கும்போது வயித்தைத் தரையில இருந்து தூக்கி நடக்கணும். இழுத்துக்கிட்டுப் போனா, கால் வளைஞ்சிருந்தா, தாடை ரப்பர் மாதிரி இருந்தா கால்சியம் இல்லை, டி3 இல்லை, எலும்பு கரையுது. புழுவை மட்டும் போட்டு, அதுல கால்சியம் பவுடர் புரட்டாம விட்டதோட கூலி. தோல் உரிக்கும்போது வெளுத்து, ஒரு நாளுக்குள்ள மொத்தமா உரிஞ்சு, அதையே தின்னுடும். விரல் நுனியில வளையமா மிச்சம் நின்னா அது காய்ஞ்சு இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே எடுத்துடும். ஈரமான பாசியோ டிஷ்யூவோ வெச்ச ஒரு சின்ன டப்பா போதும், இதைத் தடுக்க.

இதோட சேர்த்து நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு சொல்லணும். கட்டிங் வேஸ்ட் ஓசியில கிடைக்குதுன்னு பெட்டிக்கு அடியில பனியன் துணி விரிக்கிறாங்க. பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். வெட்டின ஓரத்துல இருந்து நூல் பிரியும். அந்த நூல் கெக்கோவோட விரல்ல சுத்தினா உரியாத தோல் செய்யற வேலையை அதுவும் செய்யும். பேப்பர் போடுங்க. நியூஸ் பேப்பர். எச்சமும் தெளிவாத் தெரியும். இன்னொண்ணு அதிர்வு. கீழே பவர் டேபிள் ஓடுற மாடி வீட்டுல, மெஷின் அதிர்ற சுவரை ஒட்டி ஷெல்ஃப் போட்டு அதுல பெட்டி. நமக்குப் பழகிப்போன அந்த அதிர்வு, தரையில வயித்தை வெச்சுக் கிடக்கிற பிராணிக்கு எப்படி இருக்கும்? "ஓடி ஓடிக் கண்ணாடியில முட்டுதுண்ணா" என்றவரிடம் ஷெல்ஃபை எதிர்ச் சுவருக்கு மாத்துங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.

வெப்பத்தைப் பத்திப் பேசாம இதை முடிக்க முடியாது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துட்டு எல்லாரும் ஹீட் மேட் வாங்கறாங்க. கனடாக்காரனுக்கு இருக்கற பிரச்சினை நமக்கு இல்லை. ஏப்ரல், மே மாசத்துல திருப்பூர் ஷீட் வீட்டுக்குள்ள பகல்ல உக்கார முடியுதா? அந்த அறையில கண்ணாடித் தொட்டி, அடியில தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட். வயிறு வெந்துபோகும். கெக்கோவுக்கு ஒரு மூலை 32 டிகிரி சுமாருக்குச் சூடாவும் எதிர் மூலை 25, 26-ன்னு குளிர்ச்சியாவும் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல அது போய் வரணும். நம்ம கோடையில சூட்டு மூலை தானா வந்துடும், காணாம போறது குளிர்ந்த மூலை. வாயைத் திறந்து மூச்சு விடற கெக்கோவைக் காட்டி "கொட்டாவி விடுது" என்றார்கள். மதியம் மூணு மணி. மே மாசம்.

போய் வர்றது ஏன் முக்கியம்னா, அதுதான் அதோட மருந்து. 1970-களில் மேத்யூ குளூகரும் சகாக்களும் பாலைவன இகுவானாக்கள் மேல செஞ்ச சோதனைகள் இதைக் காட்டுச்சு. பாக்டீரியா ஏத்தின பல்லிகள் தாமாவே அதிகச் சூடான இடத்தைத் தேடிப் போய் உடம்பைக் காய வெச்சுக்கிட்டுது. நமக்கு உள்ளே இருந்து வர்ற காய்ச்சலை அது வெளியே போய்த் தேடிக்குது. குறைஞ்ச வெப்பத்துலயே அடைச்சு வெச்சவை அதிகமாச் செத்துது. "குளிர் ரத்தப் பிராணி, அதுக்கென்ன உணர்ச்சி"ன்னு ஏளனம் பேசறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நோய் வந்தா எங்க போகணும்னு அதுக்குத் தெரியுது. போறதுக்கு இடம்தான் நாம குடுக்கலை. ஒரே சூட்டுல இருக்கற ஒரு அடிப் பெட்டி, காய்ச்சல்கூட வர முடியாத ஆஸ்பத்திரி.

"கெக்கோவுக்கு ஸ்ட்ரெஸ்ஸா? அதுக்கு என்ன டெலிவரி டேட்டா?" என்று ஒரு நண்பர் சிரிச்சார். சிரிக்கட்டும். 2016-ல மெரிடித் பாஷாவும் சகாக்களும் லெபர்ட் கெக்கோக்களை வெச்சே ஆய்வு செஞ்சாங்க: பெட்டிக்குள்ள வெவ்வேறு வெப்பம், உணவைத் தேடி எடுக்கற மாதிரி ஏற்பாடு, புது வாசனை, புதுப் பொருள், காட்சி என்று ஐந்து வகை. சூட்டுக்கும் உணவுத் தேடலுக்கும் அதுங்க கூடுதலா ஈடுபாடு காட்டுச்சு, நடத்தையே மாறுச்சு. வெறும் பெட்டிக்கும் வேலை இருக்கற பெட்டிக்கும் வித்தியாசம் தெரியற பிராணி இது. ஊர்வன பத்தி ஆயுள் முழுக்க ஆராய்ந்த கோர்டன் பர்கார்ட், நாம எவ்வளவு நல்லா வளர்த்தாலும் அது 'கட்டுப்படுத்தப்பட்ட இல்லாமை'தான் என்கிற பொருள்ல எழுதியிருக்கார். எனக்கு அந்தச் சொல் போதும். இல்லாமையை நாமதான் விதிக்கிறோம்னு ஒத்துக்கிட்டாத்தான், அதை எவ்வளவு குறைக்கலாம்னு யோசிக்கவே முடியும்.

வியாபாரிகள் சொல்ற இன்னொரு வாதம்: "இதெல்லாம் தலைமுறை தலைமுறையா கூண்டுல பொறந்தது, அட்ஜஸ்ட் ஆயிடுச்சு." எதுக்காகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினாங்க? நிறத்துக்காக. 'எனிக்மா'ன்னு ஒரு மார்ஃப் அழகாப் புள்ளி போட்டிருக்கும், அதோட சேர்ந்தே நரம்புக் கோளாறும் வரும். தலையை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்கும், வட்டம் வட்டமாச் சுத்தும். 'லெமன் ஃப்ராஸ்ட்'னு இன்னொண்ணு. எலுமிச்சை மஞ்சள்ல ஜொலிக்கும். 2021-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 'பிளாஸ் ஜெனடிக்ஸ்' இதழ்ல எழுதினது: அந்த நிறத்தைக் குடுக்கற மரபணு மாற்றமும் தோல்ல கட்டி வர்றதுக்கான காரணமும் ஒண்ணேதான். அந்த நிறம் உள்ளதுல பத்துக்கு எட்டுக்கும் மேல கட்டி வருது. ஜொலிப்பே நோய். டையிங்ல ஷேடு பிடிக்கிறதுக்காக நொய்யலை என்ன பண்ணினோம், 2011-ல உயர் நீதிமன்றம் எல்லா சாய ஆலைகளையும் மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு, இந்த ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. நிறத்துக்கு விலை யார் குடுக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும்.

மனுஷனுக்கே வழியில்லாத ஊர்ல பல்லிக்கு என்ன கட்டுரைன்னு கேப்பீங்க. நியாயம். ஆனா நான் மனுஷனையும் பல்லியையும் ஒப்பிடலை, பார்க்கிற கண்ணைப் பத்திச் சொல்றேன். ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ புதுசா வந்த பையன் ஒரு மாசம் வாய் திறக்காம வேலை செஞ்சா சூப்பர்வைசர் என்ன சொல்றார்? "செட் ஆயிட்டான்." இந்த வட்டாரத்து நூற்பு ஆலைகள்ல சுமங்கலித் திட்டம்னு சின்னப் பொண்ணுகளை வருஷக்கணக்கா விடுதிக்குள்ள வெச்சிருந்ததை, 2011-ல வெளிவந்த 'கேப்ச்சர்ட் பை காட்டன்' அறிக்கை உலகத்துக்குச் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி கேட்டா நாமளும் "பிள்ளைங்க அமைதியா இருக்குதுங்க"ன்னுதான் சொல்லியிருப்போம். அமைதியை ஆரோக்கியம்னு படிக்கிற பழக்கம் ஒரே இடத்துல நிக்காது.

எதிர்ப்பக்கத்துல இருக்கற தூயவாதிகளையும் விட மாட்டேன். "வளர்க்கறதே தப்பு, அதுல என்ன ஆரோக்கியம் பார்க்கறது"ன்னு ஒதுங்கறாங்க. முதல் பாதியோட எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாங்காக்ல இருந்து வர்ற பெட்டிகளுக்குள்ள சாக்கிலும் டப்பாவிலும் திணிச்ச உயிருள்ள பல்லிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கம் பிடிச்ச செய்தி திரும்பத் திரும்ப வருது. சைட்டீஸ் பட்டியல்ல உள்ள வெளிநாட்டு உயிர்களை வெச்சிருக்கறவங்க பரிவேஷ் தளத்துல பதியணும்னு 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் சொல்லுது. டோக்கே கெக்கோ 2019-ல இருந்தே அந்தப் பட்டியல்ல இருக்கு. நம்ம ஊர் இனங்கள்ல பலதுக்கும் வனவிலங்குச் சட்டத்தோட காவல் உண்டு. எதை வாங்கினாலும் அது எந்த இனம், எந்தப் பட்டியல்னு தெரிஞ்சுக்கறது வாங்கறவரோட வேலை. ஆனா ஏற்கெனவே ஒரு அலமாரியில உக்கார்ந்திருக்கிற கெக்கோவுக்கு இன்னும் பதினஞ்சு, இருபது வருஷ ஆயுள் இருக்கு. தூயவாதம் அதுக்குப் புழு போடாது. மனசு கேக்காம அதை நொய்யல் கரையில கொண்டுபோய் விட்டா, அது இங்க வாழவும் தெரியாது, கொண்டுபோற கிருமி நம்ம பல்லிகளுக்கும் ஒட்டலாம்.

கடைக்காரங்க விஷயம். இந்த ஊர்ல ஒரு அட்டைப்பெட்டி பனியன் கேட்டைத் தாண்டணும்னா பேக்கிங் லிஸ்ட் வேணும்: எத்தனை பீஸ், என்ன எடை, எந்த லாட். உயிரோட ஒரு பிராணி கைமாறும்போது துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வாங்கப் போறவங்க மூணு கேள்வி கேளுங்க. இன்னிக்கு எடை எவ்வளவு, என் கண் முன்னாடி வெச்சுக் காட்டுங்க. கடைசியா என்னைக்குத் தின்னுச்சு, என்ன தின்னுச்சு. கடைசியா என்னைக்குத் தோல் உரிச்சுது. மூணையும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. "அதெல்லாம் எதுக்குங்க, பாருங்க எவ்வளவு சாதுவா இருக்கு"ன்னு அவர் பெட்டியைத் திறந்தார்னா, மூடச் சொல்லிட்டு வந்துடுங்க.